கன்னி மூலைச் சுவர்

சென்ற வாரம் சத்துணவுக் கூடத்தில் முட்டை திருடிய பூனையைப் பற்றி எழுதியிருந்தேன். படித்துவிட்டு வயிறு வலிக்கச் சிரித்ததாகப் பலர் சொன்னார்கள். இந்த வாரம் என்னிடம் சிரிப்பு ஸ்டாக் இல்லை. ஓட்டுப் போடப் போய் வரிசையில் நின்ற ஒரு காலை நேரம் மனசை விட்டு இறங்க மாட்டேன் என்கிறது. அதை எழுதித் தீர்த்தால்தான் வேறு வேலை ஓடும்.

பள்ளிபாளையத்துக்கும் திருச்செங்கோட்டுக்கும் நடுவே இருக்கிற ஊர் அது. அங்கே ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளியில் தலைமையாசிரியையாக இருந்து ஓய்வு பெற்றேன். ஓய்வுக்குப் பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. அதனால் எனக்கு ஓட்டும் அதே பள்ளிக்கூடத்தில்தான்.

வெயில் ஏறுமுன் போட்டுவிட்டு வந்துவிடலாம் என்று போனேன். ஊர்ப் பெண்களில் பாதிப்பேர் அதே புத்திசாலித்தனத்தோடு எனக்கு முன்னால் வந்து நின்றிருந்தார்கள். வரிசை நகர்கிற வழியாக இல்லை. முந்தானையால் விசிறிக்கொண்டு நின்றேன்.

"டீச்சர்!"

திரும்பிப் பார்த்தேன். சுடிதார் போட்ட ஓர் இளம்பெண். கையில் சாப்பாட்டுப் பை. தலைமுடியில் அங்கங்கே பஞ்சு ஒட்டியிருந்தது. தறிக்கூடத்தில் இரவு வேலை முடித்து நேராக வந்திருக்கிறாள் என்று பார்த்ததுமே தெரிந்தது.

"என்னையத் தெரியுதுங்களா? கௌசல்யாங்க. ராசாமணி மக."

தெரியாமல் என்ன! ஆறாம் வகுப்பில் முதல் வரிசையில் உட்கார்ந்து, நான் கேள்வியை முடிக்கும் முன்பே பதிலைச் சொல்லி என் பிராணனை வாங்கிய பெண். உயரமாக வளர்ந்திருந்தாள். கண் மட்டும் அப்படியே இருந்தது.

"ஓட்டுப் போடற அளவுக்குப் பெரிய மனுஷி ஆயிட்டியா நீ! ஆமா, எந்தப் பக்கமா வந்தே? வாசல்ல உன்னைப் பாக்கலியே?"

"பின்னாலதானுங்க டீச்சர். அக்கட்ட செவுத்தை இடிச்சு உட்டுருக்காங்கல்லங்க, பாக்கலீங்களா?"

எட்டிப் பார்த்தேன். பள்ளியின் தென்மேற்கு மூலையில், சுற்றுச்சுவரில், ஒரு ஆள் தாராளமாக நுழைகிற அகலத்துக்கு வழி திறந்திருந்தது. உடைந்த செங்கல்லின் சிவப்பு இன்னும் மங்கவில்லை. அதன் வழியாகக் காலனிப் பெண்கள் ஒவ்வொருவராகத் தலையைக் குனிந்து உள்ளே வந்துகொண்டிருந்தார்கள்.

சந்தோஷப்பட்டேன் என்று எழுத ஆசைதான். ஆனால் வந்தது கோபம்.

சுவரே இல்லாத காலம்

நான் அந்தப் பள்ளிக்கு மாற்றலாகி வந்தபோது இரண்டு ஓட்டுக் கட்டடங்கள் இருந்தன. மழை வந்தால் பிள்ளைகள் ஒழுகாத இடமாகப் பார்த்து நகர்ந்து நகர்ந்து கடைசியில் எல்லா வகுப்பும் ஒரே மூலையில் சேர்ந்துவிடும். மூன்றாம் வகுப்புப் பையன் ஏழாம் வகுப்பு அறிவியலைக் கேட்டுக்கொண்டிருப்பான்.

குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அயோத்தியாப்பட்டணத்துப் பக்கம் நான் படித்த ஆரம்பப் பள்ளி ஒரு கல்யாண மண்டபத்தில் நடந்தது. முகூர்த்த நாள் என்றால் எங்களுக்கு விடுமுறை. தை மாதத்திலும் ஆவணியிலும் நாங்கள் படித்ததாக நினைவே இல்லை. எங்கள் வகுப்பில் வாய்ப்பாடு தெரியாதவர்கள் உண்டு, நாகஸ்வரம் ஊதுகிறவர் எந்த நேரத்தில் சாப்பிடப் போவார் என்று தெரியாதவர்கள் கிடையாது.

அது கிடக்கட்டும். நான் வேலைக்கு வந்த பள்ளிக்குச் சுற்றுச்சுவர் இல்லை. ஆடு வரும், பன்றி வரும், சாயந்திரம் ஆனால் குடிக்கிறவர்கள் வருவார்கள். காலையில் பள்ளி திறந்ததும் என் முதல் வேலை உடைந்த பாட்டில் துண்டுகளைப் பொறுக்குவது. கழிப்பறை என்று ஒரு கூண்டு இருந்தது, அதில் தண்ணீர் கிடையாது. பெரிய பெண் பிள்ளைகள் பின்னால் இருந்த சீமைக்கருவேலம் புதருக்குத்தான் போவார்கள். ஒருத்தி போனால் இரண்டு பேர் காவலுக்குப் போவார்கள். அந்தப் பெண்கள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருந்ததைத் தெரிந்துகொள்ளவே எனக்குக் கொஞ்ச காலம் ஆயிற்று.

சுவர் இல்லாததில் ஒரே ஒரு நன்மை இருந்தது. அதை அப்போது யாரும் நன்மை என்று நினைக்கவில்லை.

பள்ளிக்குப் பின்புறம் ஒரு வறண்ட பள்ளம். அதற்கு அந்தப் பக்கம் காலனி. தறிவேலைக்கும் காட்டுவேலைக்கும் போகிறவர்களின் வீடுகள். காலனிப் பிள்ளைகள் பள்ளத்தில் இறங்கி ஏறினால் பள்ளிக்கூடம். முதல் மணி அடித்த பிறகு வீட்டை விட்டுக் கிளம்பினாலும் இரண்டாம் மணிக்குள் வந்து சேர்ந்துவிடுவார்கள். கௌசல்யா வாயில் சோற்றை வைத்துக்கொண்டே வந்து பிரார்த்தனையில் நிற்பாள்.

ரிக் வண்டிக்காரர்

எங்கள் பக்கத்தில் ஒரு வீட்டில் ஒருவராவது ரிக் வண்டியோடு போயிருப்பார். ஆழ்துளைக் கிணறு போடுகிற அந்தப் பெரிய வண்டியோடு ஆந்திரா, மத்தியப் பிரதேசம் என்று சுற்றிவிட்டு ஊர்த் திருவிழாவுக்குத்தான் வருவார்கள். பொன்னுசாமியும் அப்படிப் போனவர்தான். எங்கள் பள்ளியில் ஐந்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ரிக்கில் ராடு தூக்கப் போனவர், நான் பார்க்கும்போது பல வண்டிகளுக்கு முதலாளி.

ஒரு குடியரசு தினத்துக்குக் கொடியேற்ற அழைத்திருந்தோம். ஏற்றி முடித்ததும் பருவம் தவறிய மழை பிடித்துக்கொண்டது. அவரை உள்ளே உட்கார வைத்தேன். ஓட்டிலிருந்து செம்மண் கலந்த தண்ணீர் அவருடைய வெள்ளைச் சட்டையில் சொட்டியது. நாற்காலியை நகர்த்தினோம். அங்கேயும் சொட்டியது. மனிதர் எழுந்து நின்றுவிட்டார்.

"ஏனுங்க டீச்சர், நாம் படிக்கையிலயும் இதே எடத்துலதானுங்க ஒழுகிச்சு. இன்னுமா ஒழுகுது? என்ன வேணும்னு சொல்லுங்க, நாஞ் செஞ்சு தாரேன்."

நான் யோசிக்கவே இல்லை. "முதல்ல சுத்துச்சுவர் வேணும். அப்புறம் தண்ணியோட கழிப்பறை. மத்ததெல்லாம் பிறகு" என்றேன்.

"எல்லாரும் கட்டடம்னு கேப்பாங்க. கிழக்கத்திக்கார டீச்சர் செவுத்தைக் கேக்கறீங்க!" என்று சிரித்தார். கிழக்கே அயோத்தியாப்பட்டணம், ஆத்தூர்ப் பக்கத்துப் பேச்சை வைத்து என்னை அந்த ஊரில் கிண்டல் செய்யாதவர்கள் கிடையாது. "செவுரும் உண்டு, கட்டடமும் உண்டுங்க. எங்கப்பன் பேருல செய்யறேன். அவரு குடுத்த எடமுங்க இது."

சொன்னதைச் செய்தார். அதில் ஒரு குறையும் சொல்ல மாட்டேன். தன்னுடைய ரிக்கையே கொண்டுவந்து நிறுத்திக் கிணறு போட்டார். தண்ணீர் பீறிட்டு அடித்த நேரத்தில் ஆசிரியர்கள் உட்பட எல்லோரும் சேற்று மழையில் நனைந்தோம். என்னுடைய பட்டுக்கரைச் சேலை அன்றோடு போயிற்று. அதற்காக வருத்தப்பட்டதே இல்லை. பெண் பிள்ளைகளுக்குத் தனியாகக் கழிப்பறை, குழாயைத் திருகினால் தண்ணீர், ஓடு பதித்த தரை. கீழே நான்கு அறை, மேலே மூன்று அறை. ஆறு, ஏழு, எட்டு வகுப்புகள் மாடியில்.

மாடி என்ற சொல் பிள்ளைகளைப் பித்துப்பிடிக்க வைத்தது. கௌசல்யா தினமும் கேட்பாள்: "ஆறாம்ப்பு மாடியிலதானுங்களா டீச்சர்? மாத்திற மாட்டீங்கல்லங்க?" அந்த ஊரில் மாடி வீடு ஏறிப் பார்த்த பிள்ளைகள் சிலர் உண்டு. அவள் அந்தச் சிலரில் இல்லை.

பயத்துக்கு முன்னால் பேச்சு எடுபடாது

கட்டடம் கூரைமட்டம் வந்தபோது சுவர் வேலை தொடங்கியது. கொத்தனாரிடம், பின்பக்கம் தென்மேற்கு மூலையில் காலனிப் பிள்ளைகளுக்கு ஒரு சின்ன வாசல் விடச் சொன்னேன். அவர் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"கன்னி மூலைங்களேம்மா. மொதலாளியக் கேக்காம நான் கை வெக்க மாட்டனுங்க."

தென்மேற்கு மூலையைக் கன்னி மூலை என்பார்கள். எங்கள் பகுதியில் வாஸ்து பார்க்காமல் கோழிக்கூண்டுகூட வைக்க மாட்டார்கள். கன்னி மூலை உயர்ந்து இருக்க வேண்டும், கனமாக இருக்க வேண்டும், அங்கே திறப்பு என்பது கூடவே கூடாது. திறந்தால் கட்டியவனின் தலைப்பிள்ளைக்கு ஆகாது என்பது நம்பிக்கை.

பொன்னுசாமி வந்தார். கூட வாஸ்துக்காரரும் வந்தார். நான் பிடிவாதமாக நின்றேன். இது உங்கள் வீடு இல்லை, அரசாங்கப் பள்ளிக்கூடம், இதற்கு ஏது கன்னி மூலையும் காளி மூலையும் என்று என் வாய் வழக்கம்போலப் பேசியது.

அவர் குரலை உயர்த்தவே இல்லை. "டீச்சர், உங்களுக்கு நான் எதுவும் இல்லைன்னு சொல்லிருக்கேனுங்களா? முன்னால எங்க ஊட்டுல வண்டி நிறுத்தறக்குன்னு கன்னி மூலையில ஒரு கேட்டு வெச்சேன். அந்த வருசமே எம்பையன் வண்டியில போயி அடிபட்டு, மாசக்கணக்குல ஆஸ்பத்திரியில கெடந்தான். இப்பவும் காலைத் தாங்கித்தான் நடக்கறான். எங்கப்பன் பேரு மேல இருக்கற எடமுங்க இது. எனக்குப் பயமா இருக்குதுங்க."

கோபப்பட்டிருந்தால் பதிலுக்குக் கோபப்பட்டிருப்பேன். பயப்படுகிற தகப்பனிடம் என்ன பேசுவது?

வேறு இடத்தில் வாசல் வைக்கலாம் என்றால் வழியில்லை. பின்பக்கம் மீதியெல்லாம் அடுத்தவர் பட்டா நிலம். புறம்போக்குத் தடம் வந்து தொடுகிற இடம் அந்த ஒரு மூலைதான். அலுவலகத்தில் போய் முறையிட்டேன். இவ்வளவு செய்கிற மனிதரிடம் ஒரு வாசலுக்காகச் சண்டை போடுகிறீர்களே என்று எனக்கே புத்திமதி கிடைத்தது. ஊரிலும் அதே பேச்சு. சுற்றிக்கொண்டு வந்தால் கால் தேய்ந்தா போகும் என்றார்கள்.

"எம்பையன் கல்யாணம் முடியட்டுங்க டீச்சர். அப்பறம் ஒரு பரிகாரம் கேட்டுட்டுத் தொறந்து உடலாம்" என்றார் பொன்னுசாமி. மனதாரத்தான் சொன்னார். அந்த வார்த்தையைப் பிடித்துக்கொண்டு நானும் காத்திருந்தேன்.

சுவர் எழும்பியது. புதுச் சுவருக்குச் சாயந்திரம் தண்ணீர் ஊற்ற வேண்டும் அல்லவா? புதுக் குழாய், புதுத் தண்ணீர் என்ற குஷியில் பிள்ளைகள் மக்கு மக்காக மொண்டு ஊற்றினார்கள். கௌசல்யா எல்லோருக்கும் மேஸ்திரி. "இக்கட்ட காஞ்சு கெடக்குது பாரு, ஊத்து!" என்று கத்துவாள். தன் வழியைத்தான் அடைக்கிறோம் என்று அந்தக் குழந்தைக்குத் தெரியாது. எனக்குத் தெரியும். பார்த்துக்கொண்டு நின்றேன்.

கோயில் தெரு

திறப்பு விழா அமர்க்களமாக நடந்தது. சின்ன வகுப்புகள் உடனே கீழ் அறைகளுக்குப் போயின. மாடி வகுப்புகளுக்கான பெஞ்சுகள் மட்டும் வரவில்லை. ஜூன் மாதம் வந்துவிடும் என்றார்கள். அதுவரை ஆறாம் வகுப்புக் கௌசல்யாவும் மற்ற பெரிய பிள்ளைகளும் பழைய ஓட்டுக் கட்டடத்திலேயே இருந்தார்கள்.

காலனியிலிருந்து பள்ளிக்கு வர இப்போது இரண்டு வழிகள். ஒன்று, லாரிகள் ஓடுகிற பெரிய ரோடு. ஓரத்தில் நடக்க இடமில்லாத ரோடு. இன்னொன்று, மாரியம்மன் கோயில் தெரு. அதில் நடக்கக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. ஆனால் முன்பு எப்போதோ ஒரு சச்சரவு நடந்து, போலீஸ் வரை போய், அதற்குப் பிறகு காலனிக்காரர்கள் தாங்களாகவே அந்தத் தெருவைத் தவிர்த்து வந்தார்கள். எழுதாத சட்டத்துக்குத்தான் ஆயுள் அதிகம்.

எனக்கு வீம்பு வந்துவிட்டது. காலையில் நானே காலனிக்குப் போவேன். பிள்ளைகளை இரண்டு இரண்டு பேராகக் கைகோக்க வைத்து, கோயில் தெரு வழியாகவே நடத்திக் கூட்டி வருவேன். முதல் நாள் தெருவே நின்று பார்த்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நாலைந்து நாளில் பார்ப்பதையும் விட்டுவிட்டார்கள். ஒரு வீட்டம்மாள் கௌசல்யாவிடம் "ஏ அம்மிணி, ஊக்கு கழண்டு கெடக்குது, மாட்டிக்க" என்றுகூடச் சொன்னாள். அன்று எனக்கு வந்த பெருமையைச் சொல்லி மாளாது. ஜெயித்துவிட்டதாகவே நினைத்தேன்.

அப்போதுதான் நோம்பி சாட்டினார்கள்.

கம்பம் பிடுங்குகிறவரை

எங்கள் பக்கம் மாரியம்மன் திருவிழாவை நோம்பி என்பார்கள். நோம்பி சாட்டியதும், அதாவது அறிவித்ததும், கோயில் முன்னால் மூன்று கிளையுள்ள மரத்தை வெட்டி வந்து கம்பமாக நடுவார்கள். அதைப் பிடுங்கி ஆற்றில் விடுகிறவரை பெண்கள் விடியற்காலையில் ஈரச்சேலையோடு வந்து கம்பத்துக்குத் தண்ணீர் ஊற்றுவார்கள். அந்த நாட்களில் அந்தத் தெருவுக்குச் சுத்தபத்தம் அதிகம்.

ஊர்ப் பெரியவர்கள் நாலு பேர் பள்ளிக்கு வந்தார்கள். வெகு மரியாதையாகப் பேசினார்கள்.

"டீச்சர், தப்பா நெனைக்கப்படாது. கம்பம் புடுங்கற வரைக்கும் மட்டும் அந்தப் புள்ளைங்க ரோட்டு வழியா வரட்டுங்க. அப்பறம் எப்பவும்போலக் கூட்டிட்டு வாங்க. நாங்க ஏதாச்சும் சொன்னமுங்களா இத்தனை நாளா?"

எனக்குக் காது சூடேறிவிட்டது. யாரிடம் சொல்ல வேண்டுமோ அவர்களிடம் சொல்கிறேன் என்று கத்தினேன். அன்று மாலையே காலனிக்குப் போய், நாளைக்கும் தெரு வழியாகத்தான் போகிறோம், நான் இருக்கிறேன், பயப்படாதீர்கள் என்று சொன்னேன்.

ராசாமணி, கௌசல்யாவின் அம்மா, தறியிலிருந்து அப்போதுதான் வந்திருந்தாள். முகத்தைக் கழுவிக்கொண்டே சொன்னாள்: "வேண்டாங்க டீச்சரம்மா. உங்க மனசு எங்களுக்குத் தெரியுமுங்க. நோம்பி நேரத்துல ஒரு பேச்சு வந்துச்சுன்னா, நீங்க மாத்தலாகிப் போயிருவீங்க. நாங்க இங்கதானுங்க இருக்கோணும்."

அவள் சொன்னது உண்மை.

பிள்ளைகள் ரோட்டு வழியாக வந்தார்கள். நானும் கூடவே நடந்தேன். இரண்டாவதோ மூன்றாவதோ நாள், ஒரு டேங்கர் லாரி எங்களை உரசுகிற மாதிரிப் போனது. அது அடித்த காற்றில் மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று தடுமாறி முள்ளில் விழுந்தது. சிராய்ப்புதான், வேறொன்றும் இல்லை. ஆனால் அன்று மத்தியானமே அம்மாக்கள் வந்து பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கம்பம் பிடுங்குகிறவரை அனுப்ப மாட்டோம் என்றார்கள். நானாக இருந்தாலும் அனுப்பியிருக்க மாட்டேன்.

வீட்டில் தனியாக எப்படி விடுவது என்று ராசாமணி மகளைத் தறிக்கூடத்துக்குக் கூட்டிப்போனாள். சும்மா உட்கார்ந்திருக்கிற பெண்ணா அவள்? தறிக்கு வேண்டிய நூலைச் சின்னக் குச்சியில் சுற்றித் தருவதைத் தார் சுற்றுவது என்பார்கள். அதைக் கௌசல்யா ஒரே நாளில் பிடித்துக்கொண்டாள். அவளுடைய சூட்டிகையே அவளுக்கு எதிரியாயிற்று.

கம்பம் பிடுங்கினார்கள். மஞ்சள் நீர் ஆடினார்கள். ஊர் அடங்கிய பிறகு நான் தறிக்கூடத்துக்குப் போனேன். அந்தச் சத்தத்தில் பேச்சு எங்கே கேட்கிறது? ராசாமணி என் காதருகே வந்து கத்தினாள்.

"இவ கூட நின்னா என்னால இன்னும் ரெண்டு தறி பாக்க முடியுதுங்க டீச்சரம்மா. இந்த லீவு முடியட்டும். ஜூன் மாசம் கண்டிப்பா அனுப்பறேன்."

ஜூன் வந்தது. மாடிக்குப் பெஞ்சுகள் வந்தன. காலனிப் பிள்ளைகளில் சிலரை வேறு பள்ளிகளில் சேர்த்திருந்தார்கள், சிலர் கொஞ்ச நாள் வந்து நின்றுபோனார்கள். கௌசல்யா வரவில்லை. நான் திரும்பத் திரும்பப் போய் நின்றேன். அதிகாரிகளிடம் சொன்னேன். அவர்கள் வந்து பார்த்த தினத்தில் அந்தத் தறிக்கூடத்தில் பிள்ளைகள் யாருமே இல்லை. பொன்னுசாமியின் மகனுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அப்புறம் பேரன் பிறக்கட்டும் என்றார். நானும் ஓய்வு பெற்றேன்.

மாடி அறைகளில் நல்ல காற்று வரும். வெளியூர்க்காரர்கள் வந்து பார்த்துவிட்டு, அரசுப் பள்ளியா இது என்று ஆச்சரியப்படுவார்கள். படம் எடுத்துக்கொள்வார்கள். அந்தப் படங்களில் பின்பக்கத்துச் சுவர் பளிச்சென்று விழும்.

மறுபடியும் வரிசையில்

எனக்கு முன்னால் நின்றிருந்தவர் எங்கள் வார்டு மெம்பரம்மா. ஊரில் எது நடந்தாலும் அவருக்குத் தெரியாமல் நடக்காது. அவர் முதுகைத் தட்டினேன்.

"ஏங்க, பின்னாடி சுவரை யாரு இடிச்சது?"

"நேத்துப் பொழுதோட இடிச்சுதுங்க டீச்சர். காலனி ஓட்டெல்லாம் இங்கதானுங்களே. இந்த வெயில்ல ரோட்டைச் சுத்திட்டு யாரு வருவா? வராமப் போயிட்டா எல்லாருக்கும் நட்டமுங்களே. அதான் நம்மாளுங்க எல்லாம் ஒண்ணாச் சேந்து பேசி, இடிச்சு உட்டாச்சு."

"பொன்னுசாமி ஒத்துக்கிட்டாரா? கன்னி மூலையாச்சே?"

"அவருக்குப் போன் போட்டுக் கேட்டுட்டுத்தானுங்க செஞ்சோம். அவரு ஒடனே வாஸ்துக்காரரைக் கேட்டுச் சொன்னாருங்க. ஒரு நாளைக்குத் தோஷமில்லையாமுங்க. பொழுது எறங்கறதுக்குள்ள அடைச்சுப்போடோணும், அவ்வளவுதான்னு சொன்னாருங்க. கொத்தனாருக்குச் சொல்லியாச்சு."

கட்சி பேதமில்லாமல் ஊரே ஒன்றுகூடி, ஒரு மாலைப் பொழுதில் செய்து முடித்திருக்கிறார்கள். இத்தனை வருஷம் நான் யார் யார் வாசலில் போய் நின்றேன் என்பது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. அழுகை முட்டியது. பள்ளிக்கூட வராந்தாவில் நின்று தலைமையாசிரியை அழுவதாவது என்று அடக்கிக்கொண்டேன்.

பின்னால் கௌசல்யா எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் நின்றாள்.

எங்கள் முறை வந்தது. நான் போட்டுவிட்டு வெளியே வந்து அவளுக்காக நின்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். விரலில் மை வைத்துக்கொண்டே அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள். சுவரில் ஒட்டியிருந்த உயிரெழுத்துப் படம், கரும்பலகை, மின்விசிறி என்று ஒவ்வொன்றாகப் பார்த்தாள். "சீக்கிரம்மா" என்று உள்ளே யாரோ சொன்னார்கள். அந்தப் புதுக் கட்டடத்துக்குள் அவள் கால் வைத்தது அதுதான் முதல் தடவை.

வெளியே வந்தவள் நேராக மாடிப்படிக்குப் போனாள். அங்கே காவலுக்கு நின்ற போலீஸ்காரர் கையை நீட்டித் தடுத்தார்.

"மேல எல்லாம் போகக் கூடாதும்மா."

"சும்மா பாத்துட்டு வந்தர்றனுங்க சார்."

"இன்னிக்கு யாரையும் விட முடியாதும்மா. கிளம்பு."

நான் போய்ச் சொன்னேன். இந்தப் பள்ளியின் தலைமையாசிரியையாக இருந்தவள் நான், இவள் என் மாணவி, ஒரு நிமிஷம் பார்த்துவிட்டு வரட்டும் என்றேன். அவர் நல்ல மாதிரியாகவே பேசினார். ஆனால் விடவில்லை. அவர் வேலை அப்படி.

"உடுங்க டீச்சர்" என்றாள் கௌசல்யா. மைதானத்தில் இறங்கி நின்று, வெயிலுக்குக் கையை நெற்றியில் வைத்துக்கொண்டு அண்ணாந்து பார்த்தாள். "ஆறாம்ப்பு எதுங்க?"

"அந்தக் கடைசி ஜன்னல்."

கொஞ்ச நேரம் அதையே பார்த்தாள். பிறகு பின்பக்கச் சுவரைப் பார்த்தாள். அப்புறம் என் பக்கம் திரும்பிச் சிரித்தாள். வகுப்பில் விடையைச் சொல்லிவிட்டுச் சிரிப்பாளே, அதே சிரிப்பு.

"ஏனுங்க டீச்சர், ஒரு நாளைக்குத் தோஷமில்லைன்னா, தெனமும் ஒரொரு நாளாவே தொறந்து உட்டிருக்கலாமில்லீங்க?"

அவள் தோளில் ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டேன்.

"தூக்கம் கண்ணைச் சொக்குதுங்க டீச்சர். பொழுதோட மறுக்கா வேலைக்குப் போகோணும். வாரேனுங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டாள்.

அந்தத் திறப்புக்குப் பக்கத்திலேயே சுவரடியில் செங்கல்லும் மணலும் சிமெண்ட் மூட்டையும் தயாராக இறக்கி வைத்திருந்தார்கள். அவற்றைத் தாண்டித் தலையைக் குனிந்து அந்தப் பக்கம் போனாள்.